முப்பத்தேழாவது வாரம்

சர்ர், சர்ர், சர். முதலில் அது ரேடியோ என்றுதான் ததேயுவுக்குத் தோன்றியது. ஒரு நிலையத்தை விட்டு இன்னொன்றைத் தேடி முள் நகரும்போது, தகரத்தில் உப்பைக் கொட்டி இழுக்கிற மாதிரி ஓர் இரைச்சல் வருமே, அதேதான். கண்ணைத் திறக்காமல் கிடந்தான். இரவெல்லாம் ஐஸ் கம்பெனியில் கட்டி கட்டியாகத் தூக்கிவிட்டு வந்த கைகள் மரத்துப்போய், வேறு யாருடைய கைகளோ போல நெஞ்சின் மேல் கிடந்தன. இன்னும் கொஞ்சம் முள்ளைத் திருப்பினால் பாட்டு வந்துவிடும் என்று அரைத் தூக்கத்தில் காத்திருந்தான். வரவில்லை. சர்ர், சர். இந்த வீட்டை விட்டு ரேடியோ போய் எத்தனை காலமாயிற்று. டாக்டரைப் பார்க்க வேம்பாரிலிருந்து பிறந்த வீட்டுக்கு வந்திருக்கிற அக்கா மீன் உரசுகிறாள். பின்கட்டுச் சிமெண்டுத் தரையில் ஒரு காலை நீட்டி உட்கார்ந்து, கத்தியின் முதுகால், வாலிலிருந்து தலைப் பக்கமாக. வேலை முடிந்து வரும் வழியில் மூன்று விளைமீன் வாங்கி வந்தவன் அவன்தான். "நான் பாத்துக்கிடுதேன்க்கா, நீ சும்மா இரி" என்றதற்கு, அதிகம் பேசக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதால், பையைப் பிடுங்கிக்கொண்டு அவன் முதுகில் கை வைத்துக் கட்டிலைப் பார்த்துத் தள்ளிவிட்டாள். அவளுக்குக் கஞ்சித் தண்ணீர்தான் இறங்குகிறது. குழம்பு அவனுக்கு. பத்தரைக்கு அவள் வீட்டுக்காரரின் மூத்தாள் மகன் காரோடு வருவான், மதுரைக்குக் கூட்டிப்போக. நாளைக் காலையில் அவள் தொண்டையிலிருந்து குரல்வளையை எடுத்துவிடுவார்கள். கழுத்தில் ஒரு துளை இருக்கும், மூச்சு அதன் வழியே போகும் வரும். பேச்சு கிடையாது. டாக்டர் சின்னப் பையன், பதமாகத்தான் சொன்னான். "பேச வேண்டியது ஏதாவது மிச்சம் இருந்தா, வீட்ல வச்சு நிதானமா பேசிட்டு வந்துருங்கம்மா." அக்கா எமரென்சியா பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி தலையாட்டினாள். பக்கத்து நாற்காலியில் இருந்த தம்பிக்குத்தான் முதுகு நனைந்தது. நாற்பத்திரண்டு வருஷமாக அவளிடம் சொல்ல வேண்டிய ஒன்று அவனிடம் இருக்கிறது. கேட்க வேண்டிய ஒன்றும் இருக்கிறது. சொல்வதை நாளை மறுநாளும் சொல்லலாம், காது அவளுக்கு எங்கும் போய்விடாது. பதிலை அவள் குரலில் கேட்பதென்றால் இன்றைக்கு, பத்தரைக்குள். முதல் மீன் முடியட்டும், எழுந்து போகிறேன்.

முதல் மீன் முடிந்தது. சருவச்சட்டியில் அது விழுந்த சத்தமும், கையைத் தண்ணீரில் அலசின சத்தமும் கேட்டன. அவன் எழவில்லை. இப்போதுதானே படுத்தோம், உடனே போய் நின்றால் என்னவோ ஏதோ என்று பயந்துவிடுவாள், இரண்டாவது மீன் ஆகட்டும் என்று தனக்கே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டான். சமாதானம் சொல்வதில் அவன் கெட்டிக்காரன். எட்டாம் வகுப்போடு நின்றவன், புத்தகத்தைப் பார்த்தே அமோனியா கம்ப்ரெசரைப் பிரித்துப் பூட்டக் கற்றுக்கொண்டவன், ஏழு நாளாகத் தொண்டையைப் பற்றி வாசித்துக்கொண்டிருக்கிறான். குரல் என்பது இரண்டு சதைக் கீற்று. மூச்சு நடுவில் புகுந்து போகும்போது அவை நடுங்குகின்றன, அவ்வளவுதான். அவ்வளவேதானா என்று செல்போனை அணைத்துவிட்டு ஐஸ் அறைக் குளிரில் வெகுநேரம் நின்றிருந்தான். கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டி இருக்கிறது. அதில் அப்பாவின் துறைமுக அடையாள அட்டை, அம்மாவின் முக்காட்டுத் துணி, அவற்றுக்குக் கீழே எண்பது பக்க நோட்டு ஒன்று. எண்பத்தொன்றாம் வருஷம் என்று மேலே பச்சை மையில் எழுதி இரண்டு கோடு போட்டிருக்கும். வாரத்துக்கு ஒரு பக்கம், பக்கத்துக்குப் பத்துப் பாட்டு. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கடலுக்கு அக்கரை ரேடியோவில் 'வாரப் பத்து' வரும். நேயர்கள் போடுகிற கார்டை எண்ணி, பத்தாவதில் ஆரம்பித்து மேலே ஏறி வருவார்கள். பதிமூன்று வயதுப் பையன் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, பரீட்சை எழுதுகிறவன்போல் உட்கார்ந்திருப்பான். ஏறின பாட்டுக்கு மேல்நோக்கி ஓர் அம்பு, இறங்கினதற்குக் கீழ்நோக்கி. பாட்டுக்கெல்லாம் அவர்கள் வீட்டில் தனிப் பேர். ஜனவரி முழுக்க ரயில் பாட்டு முதலாவது. பிப்ரவரியில், மெழுகுவர்த்தித் திருநாள் வாரத்தில் அதை விசில் பாட்டு தள்ளிவிட்டது. அப்புறம் தவக்காலம். வீட்டில் சினிமாப் பாட்டு கூடாது, ரேடியோவின் மேல் அம்மா துண்டைப் போட்டு மூடிவிடுவாள். அவன் டீக்கடை வாசலில் ஒதுங்கி நின்று கேட்டு, வந்து பென்சிலால் எழுதினான். பென்சிலில் எழுதினால் பாவம் கம்மி, பிறகு அழித்துக்கொள்ளலாம் என்று அவனுக்கு ஓர் எண்ணம். அழிக்கவேயில்லை. உயிர்ப்பு ஞாயிறு அன்று துண்டு எடுக்கப்பட்டபோது குடைப் பாட்டு முதலாவது இடத்தில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது, பச்சை மையில்.

தோணிப் பாட்டு ஜூனில் வந்தது. ஒன்பதாவது, ஏழாவது, நாலாவது, இரண்டாவது. இரண்டாவதில் வந்து தரை தட்டிவிட்டது. ஜூலை போய் ஆகஸ்டு போயிற்று, அதே இரண்டு. மேலே அதே குடை. அது எமி அக்காவின் பாட்டு. கோயில் பாடற்குழுவில் முன்வரிசையில் நிற்கிறவள், இருபத்தொரு வயது, வெளியே கோயில் பாட்டைத் தவிர எதையும் வாய்விட்டுப் பாடமாட்டாள். தோணிப் பாட்டை மட்டும் அடிபம்பில் தண்ணீர் அடிக்கும்போது பாடுவாள். பம்பின் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்பது அவள் கணக்கு. குடத்துக்குக் காவலாக நிற்கிற அவனுக்குக் கேட்கும். சரணத்தில் 'கரை' என்ற சொல்லுக்கு முன்னால் ரேடியோவில் பாடுகிறவள் மூச்சு விடுவாள். அக்கா விடமாட்டாள். பம்பின் பிடி மேலே போய்க் கீழே வரும்வரை அதே மூச்சில் இழுத்துக்கொண்டுபோய் அந்தச் சொல்லைத் தொடுவாள். தொட்டதும் அவனைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டுவாள். அந்த ஒரு மூச்சுக்காகவே அந்தப் பாட்டு முதலாவது வரவேண்டும் என்று அவனுக்கு வெறி. ஆளுக்கு ஒரு கார்டுதான் கணக்கு. ஆகவே அவன் இருபது ஆள் ஆனான். முதலில் கற்பனைப் பேர் எழுதிப் பார்த்தான், நம்புகிற மாதிரி இல்லை. பிறகுதான் அந்த யோசனை. கோயில் பங்குக்காரர்கள் திருநாள் வரி பிரிக்க வரும்போது வீடு வீடாகப் போகிற அதே வரிசையில், வீட்டுக்கு ஒரு பேராகத் தெருவையே எழுதினான். தங்கள் வீட்டுக்கு எமரென்சியா. யாருக்காகப் பாட்டோ அவள் பேர்தானே முதலில் வரவேண்டும். அடுத்த வீட்டுக்கு, பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிக்கிற கஸ்பார். வேறெந்த யோசனையும் கிடையாது, கோயிலறிய கிடையாது, அடுத்த வீடு அவன் வீடு. கடல் தாண்டிப் போவதற்குத் தபால்தலை கூடுதல் என்பதால் இருபதையும் நூலால் கட்டி ஒரே உறையில் போட்டான். மேலே எமரென்சியா, அதன் கீழே கஸ்பார். வரிசை குலையாமல் போய்ச் சேர்ந்தது.

சர்ர், சர்ர். கத்தி எங்கோ முள்ளில் இடறி நின்று, மறுபடி ஓடியது. செப்டம்பர் மாதத்து ஞாயிறு. தெருவில் எல்லா வீட்டு ரேடியோவும் ஒரே பாட்டைப் பாடும், இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்தால் ஒரு வரியும் விட்டுப்போகாது. அப்பா சிங்கராயர் அன்று வேலைக்குப் போகவில்லை. பெஞ்சில் சாய்ந்து காலாட்டிக்கொண்டிருந்தார். எட்டுப் பாட்டு முடிந்தது. கடைசி இரண்டு பாட்டுக்கும் கேட்டவர்கள் பேரைப் படித்துவிட்டுத்தான் எது முதல் எது இரண்டு என்று சொல்வது அந்த அறிவிப்பாளரின் வழக்கம். நோட்டில் முப்பத்தேழாவது வாரம் என்று எழுதி, மூன்றிலிருந்து பத்துவரை நிரப்பி, மேலே இரண்டு வரியை விட்டுப் பேனாவைத் தூக்கிப் பிடித்திருந்தான் ததேயு. தோணிப் பாட்டுக்கு, 'விரும்பிக் கேட்டிருப்பவர்கள்' என்று ஆரம்பித்து, தூத்துக்குடி என்று சொல்லி, தெருவின் பேரையும் சொல்லி, எமரென்சியா, கஸ்பார் என்று தேன் தடவின குரலில் அவர் சேர்த்துப் படித்தார். ஒரே மூச்சில். இரண்டு பேருக்கும் நடுவே ஒரு கமா அளவுகூட இடம் விடாமல். கல்யாணப் பத்திரிகை படிப்பதுபோல் இருந்தது. அப்பா எழுந்து ரேடியோவின் திருகை இடப்பக்கம் ஒரே திருப்பாகத் திருப்பினார். டக். அந்த டக் இன்னும் இந்தச் சுவரில் இருக்கிறது. "நீயா எழுதுன?" என்று அக்காவைப் பார்த்துக் கேட்டார். கை தன்பாட்டுக்கு இடுப்பில் பெல்ட்டைத் தேடியது. அக்கா சன்னல் பக்கம் நின்றாள். உடனே பதில் சொல்லவில்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்து, வெளியே பார்த்து, ரொம்ப நேரம், ஒருவேளை ஒரு நிமிஷம். இவன் வாயில் நாக்கு மீன் துண்டு மாதிரி கிடந்தது. நான்தான்ப்பா என்று சொல்ல இரண்டு வார்த்தைதான். அதற்குள் அவள் திரும்பி, "ஆமா" என்றாள். "நான்தான் எழுதுனேன்." இவன் நோட்டை எடுத்துக்கொண்டு ஓடினான், கடற்கரைக்கு, இருட்டும்வரை. பாட்டு முதலாவது வந்ததா இல்லையா என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது. கூட்டாளிகளிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் கார்டுப் பேச்சு வரும். அடுத்த வாரமே ரேடியோவை அப்பா யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டார். நோட்டில் அதற்குப் பின்னால் ஒன்றுமில்லை. பதினைந்து வாரம் வெறும் கோடு.

பம்படியில் பெண்கள் விடவில்லை. "என்ன எமி, தோணி கரை சேந்துட்டா?" என்பாள் ஒருத்தி. "இருபது கார்டாம்லா! நம்ம புருசனுக்கு நாம ஒரு கடுதாசி எழுதிருப்பமா?" என்பாள் இன்னொருத்தி. இருபது என்பது அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று அவன் பலநாள் குழம்பி, தபால்காரன் சொல்லியிருப்பான் என்று முடிவு கட்டினான். கஸ்பாரை அவன் அம்மா கொச்சியில் மாமா வீட்டுக்கு ஏற்றிவிட்டாள். கோயிலில், "கொஞ்ச நாள் பின்வரிசையில நில்லும்மா" என்றார்கள். அக்கா பின்வரிசையில் நின்றாள், அப்புறம் நிற்கவே இல்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக்காலம் தொடங்குமுன் வேம்பாரில் ஒருவர், முப்பத்தெட்டு வயது, சம்சாரத்தை இழந்தவர், இரண்டு ஆண் பிள்ளைகள், அவருக்குக் கட்டிவைத்தார்கள். கெட்ட மனுஷர் என்று சொல்ல முடியாது. அந்த வீட்டில் அவள் பாடி யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான். வருஷத்துக்கு ஒருதரம் இவன் போவான், சோறு போடுவாள், "உடம்பு நல்லாருக்கா, ராத்திரி வேலைய விட்டுட்டு வேற பாக்கப்பிடாதா" என்பாள், பஸ் ஏற்றிவிடுவாள். பஸ்ஸில் வரும்போது ஒவ்வொரு தடவையும் அவன் அந்தச் சமாதானத்தை எடுத்து வாயில் போட்டுக்கொள்வான். அவள் 'ஆமா' என்றாளே, ஏன் சொன்னாள்? உண்மை என்பதால் சொன்னாள். அவளுக்குக் கஸ்பார் மேல் மனசு இருந்திருக்கிறது. அந்த ஒரு நிமிஷம் சன்னலுக்கு வெளியே அவன் வீட்டைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் எழுதாவிட்டாலும் என்றைக்காவது வெளியே வந்திருக்கும். கார்டு இல்லாததை உண்டாக்கவில்லை, இருந்ததைக் காட்டியது. இதை மென்று மென்று நாற்பத்திரண்டு வருஷம் ஓட்டியாயிற்று. சாரம் போய்ச் சக்கையாகிவிட்டது, துப்ப மனசில்லை. இப்போது அவளிடம் கேட்டு, இல்லை என்று அவள் சொல்லிவிட்டால்? அப்புறம் எதை மெல்வது? இரண்டாவது மீன் சட்டியில் விழுந்தது.

எழுந்துவிட்டான். கால் தானாக எழுந்தது. நிலைப்படிவரை போய், அவள் முதுகைப் பார்த்து நின்றான். நரைத்த சின்னக் கொண்டை, கழுத்தைச் சுற்றிப் பருத்தித் துண்டு, தோளிலும் முழங்கையிலும் ஒட்டி மினுங்குகிற செதிள்கள். கழுத்தைத்தான் பார்த்தான். அங்கேதான் துளை போடுவார்களாம். அந்த இடத்திலிருந்துதான் பம்பு பிடி போய் வரும்வரை அறுபடாத மூச்சு வந்தது. திரும்பிப் போய், குடத்தில் தண்ணீர் மொண்டு குடித்து, தாகத்துக்கு எழுந்தவனைப்போல் கட்டிலில் வந்து விழுந்தான். மணி ஒன்பதே முக்கால். மூன்றாவது மீன் ஆரம்பித்தது. சர்ர். இதுதான் கடைசி. இனி மீன் இல்லை. ரேடியோவை டக் என்று அணைத்த அந்த நேரம் இவனுக்கு வார்த்தை வரவில்லை, இப்போதும் ஒருவர் வந்து டக் என்று அணைக்கப்போகிறார், இப்போதும் நாக்கு மீன் துண்டுதானா? சர்ர், சர்ர். பாதி மீன் ஆகியிருக்கும். உள்ளே ஏதோ இற்றுப்போன மாதிரி எழுந்து போய், ஈரத் தரையில் அவளுக்கு எதிரே குந்தினான்.

"என்னலே, உறங்கலியா?" என்றாள். குரலா அது. உரசல்தான், மீனில் வருகிற சத்தம் தொண்டையில் வந்தது.

"பேசாத, பேசாத" என்றான் அவசரமாக. பேசவைக்க வந்தவன் தானல்லவா என்று அடுத்த கணமே உறைத்தது. செதிளைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அக்கா. அந்த ரேடியோக் கார்டு. நான்தான் எழுதுனேன். இருபதும் நான்தான்."

அவள் கத்தி நிற்கவில்லை. வாலிலிருந்து ஒரு தடவை தலைவரை போய்வந்தது. "தெரியும்லே."

"எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே." எச்சில் விழுங்க முகத்தைச் சுளித்துக்கொண்டாள். "அப்பா நம்ம ரேடியோவத்தான அணைச்சாக. தெருவுல மத்த ரேடியோவ யாரு அணைச்சா?" ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மூச்சைத் தேடி எடுக்க வேண்டியிருந்தது. "சன்னல் வழியா கேட்டுக்கிட்டுத்தான நின்னேன். அந்த மனுசன் சிரிச்சிக்கிட்டே சொன்னாரு. ஒரே உறைல இருபது கார்டு, ஒரே கையெழுத்து, பச்சை மை. கணக்குல சேக்க மாட்டோம், எழுதுன கைக்கு எங்க அன்புன்னு. நம்ம வீட்டுல பச்சைப் பேனா யாருலே வச்சிருந்தா?"

இருபது. தெருவுக்கே தெரிந்த இருபது. அந்த ஒரு நிமிஷம் அவள் எந்த வீட்டையும் பார்த்து நிற்கவில்லை, காதைக் கொடுத்து நின்றிருக்கிறாள்.

"பின்ன ஏன் ஆமான்னு சொன்ன? உனக்கு... கஸ்பார் மேல..."

"யாரு, கஸ்பாரா?" அவளுக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கக் குலுங்க அடங்கினாள். கண்ணில் நீர் முட்டியிருந்தது. "அவன் அந்தக் குழலைத் தூக்கினா தெருநாய் பூராவும் கூடச் சேந்து பாடும். அவனைப் போயி." மறுபடி மூச்சுக்காகக் காத்திருந்தாள். "அப்பா கையில பெல்ட்டு. நீ எலும்பும் தோலுமா பேனாவப் பிடிச்சிக்கிட்டு நிக்க. என்ன செய்யச் சொல்லுத? ரெண்டு நாளு கத்துவாக, அப்புறம் மறந்துருவாகன்னு நெனச்சேன்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. கையிலிருந்த மீனை, அதன் திறந்த கண்ணை, பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு நாளுன்னுதான்லே நெனச்சேன்" என்றாள் இன்னொரு முறை. குரல் பாதியில் காற்றாகிப் போயிற்று.

மென்றுகொண்டிருந்த சமாதானம் தொண்டையில் இறங்கிவிட்டது, அல்லது விழுந்துவிட்டது. அந்த இடம் காலியாக இருந்தது. என்னை மன்னிச்சிரு அக்கா என்று ஒரு வாக்கியம் நாவில் வந்து நின்றது. சொன்னால் அவள் அதற்கு ஏதாவது பதில் சொல்லவேண்டியிருக்கும், இருக்கிற கொஞ்சக் குரலை அதற்குச் செலவழிக்கவேண்டியிருக்கும். அவன் அதைச் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, பதிமூன்று வயதுக்காரன் ஒருவன் அவன் வாயைத் திறந்து கேட்டுவிட்டான். "பாட்டு என்னாச்சுக்கா? மொதல்ல வந்துச்சா?"

எமரென்சியா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. காறிப் பார்த்தாள், வரவில்லை. விரல்களைத் தூக்கிக் காட்டினாள். இரண்டு. இரண்டிலும் செதிள்கள் ஒட்டி வெயிலில் பளபளத்தன. பிறகு அதே கையைத் தலைக்குமேல் கொண்டுபோய்க் கவிழ்த்து, குடை பிடிக்கிற மாதிரி வைத்துக் காட்டி, உதட்டைப் பிதுக்கினாள்.

தெருமுனையில் ஒரு கார் வேகம் குறைக்கிற சத்தம் கேட்டது. அவளைக் கூட்டிப்போக வந்ததாக இருக்கலாம், வேறு யாருடையதாகவும் இருக்கலாம். ததேயு கையை நீட்டி அவளிடமிருந்து கத்தியை வாங்கினான். இந்தத் தடவை அவள் தடுக்கவில்லை. பின்னால் நகர்ந்து சுவரில் சாய்ந்து, துண்டைக் கழுத்தில் சரிசெய்துகொண்டாள். மீனை வாலில் பிடித்து ஒரு பக்கம் உரசி முடித்தான். அவள் முழங்கையால் அவனை இடித்து, செவுளுக்குக் கீழே, கழுத்து மடிப்பைச் சுட்டிக் காட்டினாள். அங்கே இன்னும் செதிள் இருந்தது. அவன் கத்தியைத் திருப்பிப் பிடித்து, அந்த இடத்தில் மெதுவாக, சர்ர், சர்.